முன்வரிசைக்கு ஓர் ஒடுக்கு

ஒரு மெத்தையில் விழுந்திருக்கும் பள்ளத்தைப் பார்த்தே அதில் படுத்தவரின் சரித்திரத்தைச் சொல்லிவிடுவார் அவர். மெத்தைக் கம்பெனியில் புகார்ப் பிரிவுக்கு உதவி மேலாளர். ‘வாங்கி வருஷம் திரும்பவில்லை, நடுவில் குழி விழுந்துவிட்டது, வேறு மெத்தை கொடு’ என்று சண்டைக்கு வருகிறவர்களின் வீட்டுக்குப் போவார். மெத்தையைத் தடவுவார், தட்டுவார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். “இது தயாரிப்புக் குறை இல்லைங்க. உங்க பையன் இதுமேல குதிச்சிருக்கான். இதோ, இடது காலு இங்க, வலது காலு இங்க” என்பார். பையன் சத்தமில்லாமல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான். ஆபீசில் அவருக்குப் ‘பள்ளம் சார்’ என்றே பெயர்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு காரின் ஒடுக்கைப் பார்த்து ஏமாந்தார் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் ஏமாந்தார். அதற்குக் காரணம் உண்டு.

பள்ளம் சாருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. எந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தாலும் அவர் இரண்டாவது வரிசையில்தான் இருப்பார். பள்ளிக்கூடப் படத்தில் முன்னால் உட்கார்ந்தவனின் தலைக்கு மேல் அவருடைய நெற்றி மட்டும் தெரியும். குடும்பப் படத்தில் அண்ணனின் தோளுக்குப் பின்னால் ஒரு காது. கம்பெனி ஆண்டுவிழாப் படத்தில் மேலாளருக்குப் பின்னால், யாரோ கொண்டுவந்து வைத்த பூந்தொட்டிக்கும் பின்னால். அவ்வளவு ஏன், சொந்தக் கல்யாணப் படத்திலேயே பெண்ணின் மாமா ஒருவர் கடைசி நிமிஷத்தில் குறுக்கே வந்துவிட்டார்.

அப்படியே காலம் ஓடிக்கொண்டிருந்தபோது அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது.

பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை அடைத்து, துளைக்கிற கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலைக் காட்டினார்.

“அதோ, மரத்தடியில ஆரஞ்சு கலர்ல நிக்குது பாருங்க. என்னோடதுதான். ரேலி காரு! காடு, மலை, சேறு எதையும் பாக்காம ஓடுற பந்தயம். அந்த ஜாதிக் காரு. உங்களுக்குக் காருன்னா பிடிக்குமா?”

“ஆ.”

“பழைய காருன்னா?”

கருவி நரம்பைத் தொட்டது. “ஆ... ஆ!”

“அட, கண்ணே கலங்கிடுச்சே! நான் அதை விக்கறதாத்தான் இருக்கேன். ஆனா மதிப்பு தெரிஞ்சவங்க கைக்குத்தான் போகணும். பின்னாடி, இடது பக்கம் ஒரு ஒடுக்கு இருக்கும். மலைப்பாதையில, கொண்டை ஊசி வளைவுல, பறந்து வந்த வேகத்துல பாறையில உரசினது. பக்கத்துல உக்காந்து வழி சொல்ற நேவிகேட்டர் அலறின அலறல் அடிவாரம் வரைக்கும் கேட்டுதாம். நீங்க எடுத்துக்கிறீங்களா?”

“ஆ.”

வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்தபோது பள்ளம் சாருக்குப் பல்லில் வலி இல்லை. ஒரு கார் இருந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காரைச் செய்த கம்பெனி நிஜப் பந்தயத்துக்கென்று சில கார்களைச் செய்தது. மிச்சத்தையெல்லாம் பால் வாங்கவும் ஆபீஸ் போகவும் ஊர்க்காரர்கள் ஓட்டட்டும் என்று அதே வேஷம் போட்டு விற்றது. மூக்கில் நாலு பெரிய விளக்கு, முதுகில் கறுப்புக் கோடு, சக்கரத்துக்குப் பின்னால் சேறு தடுக்கும் ரப்பர். இந்தக் கார் இரண்டாவது ரகம். பள்ளம் சாருக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் ஆசைப்படவும் இல்லை.

கார் கயிறு கட்டி இழுக்கப்பட்டு வீட்டு வாசலுக்கு வந்தது. அவர் மனைவி கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பின்சீட்டில் ஒரு பூனை குட்டிகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கால் வைக்கிற இடத்தில் தகரம் துருப்பிடித்து உதிர்ந்து, ரோடு பளிச்சென்று தெரிந்தது.

“என்னங்க, இது கால வெளிய விட்டு ஓடித்தான் ஓட்டணுமா?”

“அதெல்லாம் சரி பண்ணிடலாம். இது சாதாரணக் காரு இல்லை.”

“அது பாத்தாலே தெரியுது.”

ஒடுக்கின் வரலாற்றை மட்டும் அவர் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கேள்வி வரும். எந்தப் பந்தயம், யார் ஓட்டினார்கள், படம் இருக்கிறதா? நாள் முழுவதும் ஆட்களை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டி, ‘இதுல தெரியுதா? இப்ப?’ என்று கேட்டே தெரியவில்லை என்று ஒத்துக்கொள்ள வைக்கிறவள் அவள். அந்த நாற்காலியில் போய் உட்கார அவருக்குத் தைரியம் இல்லை.

ஆனால் ‘பழங்கார் அன்பர் கழக’த்தில் அவர் அதை வாய் ஓயாமல் சொன்னார். அந்தக் கழகம் அதற்கென்றே இருந்தது. மீசையை முறுக்கியபடியே பேசும் தலைவர் அவருக்கு விதிகளை விளக்கினார்.

“வருஷாந்திரக் கண்காட்சியில கார்களை மூணு வரிசையா நிறுத்துவோம். வேற கார் உதிரிப்பாகம் போட்டது மூணாவது வரிசை. ஒரிஜினல், ஆனா சும்மா பளபளன்னு இருக்கிறது ரெண்டாவது. பந்தயத்துல காயம் பட்ட காருக்குத்தான் முன்வரிசை. காருக்குப் பக்கத்துலயே அதன் சொந்தக்காரரும் நிப்பார். போட்டோ எடுப்போம். காலண்டர்ல போடுவோம்.”

முன்வரிசை. போட்டோ. காலண்டர். பள்ளம் சார் அங்கேயே சந்தாவைக் கட்டினார்.

கழகத்தாரைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர்களுடைய கார்கள் எதுவும் சொந்தச் சக்கரத்தில் எங்கும் போவதில்லை, லாரியில் ஏறித்தான் போகும். தூறல் விழுந்தால் குடையைக் காருக்குப் பிடித்துவிட்டு மனிதர்கள் நனைவார்கள். ஒருவர் மலைப்பாதைச் சேற்றைச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். கண்காட்சியன்று தண்ணீர் தெளித்துக் குழைத்துச் சக்கரத்தில் அப்புவார், சாயங்காலம் சுரண்டித் திரும்பவும் டப்பாவில் போட்டுக்கொள்வார். தலைவருக்கு மட்டும் தீராத மனக்குறை ஒன்று இருந்தது. “எல்லாம் சரி சார், ஆனா நம்ம காலண்டர்ல ஒரு படத்துலயாவது வேகம் இருக்கா? எல்லாம் சிலை மாதிரி நிக்குது” என்பார். கார் ஓடினால்தானே வேகம் வரும் என்று அவரிடம் யாரும் சொல்லத் துணியவில்லை.

காரைச் சரிபண்ணும் வேலை தொடங்கியது. பட்டறைக்காரரை ‘டிங்கர்’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். “ஆர்ட்டிஸ்ட்னு சொல்லுங்க சார்” என்பார். ஒரு கதவைத் தட்டி நேராக்கினால் அதன் பக்கத்தில் நின்று தன்னைப் படம் எடுத்துக்கொண்டுதான் அடுத்த கதவைத் தொடுவார். அவர் அடித்தகரத்தை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தார். ஆரஞ்சுப் பெயின்ட்டைச் சுரண்டியபோது அடியில் சாம்பல் நிறப் பெயின்ட் வந்தது. முகப்பு விளக்குகளைக் கழற்றியபோது அவர் புருவம் உயர்ந்தது.

“சார், நாலுல ரெண்டு விளக்குக்கு வயரே இல்லை. சும்மா ஒட்டி வெச்சிருக்காங்க.”

“எடையைக் குறைக்கறதுக்காக இருக்கும்.”

“ஓகோ” என்றார் ஆர்ட்டிஸ்ட். “சரி, அந்தப் பின்பக்க ஒடுக்கை நாளைக்கு எடுத்துடறேன்.”

“தொடக்கூடாது!”

“என்ன சார் சொல்றீங்க? உடம்பு முழுக்க மெழுகு மாதிரி இழைச்சு வெச்சிருக்கேன். அந்த ஒரு ஒடுக்கைப் பாத்துட்டு நாளைக்கு நாலு பேர் என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?”

“அது ஒடுக்கு இல்லை, காயம். அது அப்படியே இருக்கணும்.”

ஆர்ட்டிஸ்ட் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஒடுக்கின் மேலேயே பெயின்ட் அடித்துப் பளபளக்க வைத்தார். அரைச் சந்திரன் வடிவத்தில், மேல் ஓரத்தில் நகம் பதிந்தது போல ஒரு சின்னக் குழியோடு, காயம் ஜொலித்தது. கழகத் தலைவர் வந்து பார்த்து மீசையை நீவினார். ஒடுக்கைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்து, அந்த வருஷக் காலண்டரிலேயே போட்டுவிட்டார். “இந்தக் கண்காட்சியில உங்களுக்கு முன்வரிசை சார். படத்தையும் காரையும் ஒப்பிட்டுப் பாப்போம். அது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான்.”

கண்காட்சிக்கு முந்தைய வாரம் கம்பெனி வேலையாகப் பள்ளம் சார் வெளியூர் போனார். திரும்பி வந்தபோது கார் வீட்டு வாசலுக்குள் நின்றிருந்தது. மேலே போர்வை. பக்கத்தில் மனைவியும் ஆர்ட்டிஸ்ட்டும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

“கண்ணை மூடுங்க” என்றாள் மனைவி.

மூடினார். போர்வை விலகும் சத்தம் கேட்டது. திறந்தார். இடது பக்கம் பின்சக்கரத்துக்கு மேலே தகரம் குழந்தையின் கன்னம் போல வழவழவென்று இருந்தது. அதில் அவருடைய முகம் தெரிந்தது. அந்த முகம் மெல்ல வெளிறிக்கொண்டு வந்தது.

“ஒடுக்கு எங்க?”

“எடுக்கச் சொல்லிட்டேன்! ‘அப்புறம் பாத்துக்கலாம், அப்புறம் பாத்துக்கலாம்’னு தள்ளிக்கிட்டே இருந்தீங்க. செலவு ஜாஸ்தி ஆயிடுச்சேன்னு மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு மருகறீங்கன்னு நினைச்சேன். இது என்னோட பரிசு.”

“அக்கா சொன்னதும் எனக்குக் கையே நிக்கலை சார்” என்றார் ஆர்ட்டிஸ்ட். “தடவிப் பாருங்க. எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க பாப்போம்!”

பள்ளம் சார் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. “பாருங்க, சந்தோஷத்துல அழறார்” என்றாள் மனைவி. உண்மை வெளியே வர அதிக நேரம் ஆகவில்லை. பாறை, கொண்டை ஊசி வளைவு, முன்வரிசை, காலண்டர் எல்லாவற்றையும் கேட்டபின் அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

“இதை ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீ கேள்வி கேட்டிருப்ப.”

“கேட்டிருப்பேன். பதில் இருந்தா சொல்ல வேண்டியதுதானே?”

அவர் ஆர்ட்டிஸ்ட்டின் பக்கம் திரும்பினார். “அதே இடத்துல, அதே மாதிரி ஒரு ஒடுக்கு போட்டுக் குடுத்துடுங்க.”

ஆர்ட்டிஸ்ட் இரண்டடி பின்னால் போனார். “என்ன பேச்சு சார் இது! காலைச் சேத்து வெச்ச டாக்டர்கிட்டயே வந்து, திரும்ப ஒடிச்சு விடுன்னு சொல்வீங்களா? என் உயிர் போனாலும் என் சுத்தியல் அதைச் செய்யாது” என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பள்ளம் சார் தானே ஒரு சுத்தியலில் துண்டைச் சுற்றி ஓங்கிப் பார்த்தார். கை பாதியில் நின்றது. இடுப்பால் ஒரு இடி இடித்துப் பார்த்தார். இடுப்பில்தான் ஒடுக்கு விழுந்தது. கடைசியில் மனசைத் தேற்றிக்கொண்டார். இரண்டாவது வரிசை அவருக்குப் புதிதா என்ன?

கண்காட்சி அன்று காலை காரை ஏற்றிப்போகத் தெருவில் லாரி வந்து நின்றது. காரைப் பின்பக்கமாக கேட்டுக்கு வெளியே எடுக்கவேண்டும். கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாது, அந்தக் காரின் அமைப்பு அப்படி. அவருக்கோ கையில் இருந்த காலண்டரைக் கீழே வைக்க மனசில்லை. “நீங்க இறங்கிப் பின்னாடி நின்னு சொல்லுங்க, நான் எடுக்கறேன்” என்று மனைவி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள்.

“வரலாம்... வரலாம்...” என்று கை காட்டினார் அவர். ஒரு கை காருக்கு, இன்னொரு கையில் காலண்டர். மனசு முழுக்கக் காலண்டரில். இழந்த காயத்தைக் கடைசியாக ஒருமுறை ஆசைதீரப் பார்த்துக்கொண்டிருந்தார். “வரலாம்... லேசா ஒடிச்சு... வரலாம்... வர...”

டொம்.

கேட்டுத் தூண் அதிர்ந்தது. மனைவி தலையை வெளியே நீட்டி, “வரலாம்னு சொன்னீங்களே!” என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். இடது பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே, அரைச் சந்திரன். அதன் மேல் ஓரத்தில், கேட்டின் தாழ்ப்பாள் குத்திய இடத்தில், நகம் பதிந்தது போல ஒரு சின்னக் குழி. கையில் இருந்த காலண்டரைப் பார்த்தார். காரைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தடவினார், தட்டினார்.

எத்தனை மெத்தை பார்த்த கை அது. பொய் சொல்லுமா?

மனைவியும் இறங்கி வந்து காலண்டரையும் ஒடுக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. “பாறைக்குத் தாழ்ப்பாள் உண்டாங்க?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். பிறகு உள்ளே போய், காரின் நிறத்துக்குப் பொருந்துகிற நகப்பூச்சு ஒன்றைத் தேடி எடுத்துவந்து, பெயின்ட் விட்டுப்போன இடத்தில் தானே தடவினாள்.

“என்ன பண்ற?”

“இவ்வளவு தூரம் வந்தாச்சு. போய் முன்வரிசையில நில்லுங்க. ஆசைப்பட்டுட்டீங்க.”

கண்காட்சி மைதானத்தில் தலைவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். காலண்டர் படத்தை ஒடுக்கின் பக்கத்தில் வைத்தார். “இம்மி பிசகலை!” என்று அறிவித்தார். கூட்டம் கைதட்டியது. ஆரஞ்சுக் கார் முன்வரிசையில், தலைவரின் காருக்கு அடுத்தாற்போல் நின்றது. பள்ளம் சார் அதன் பக்கத்தில் நின்றார். அவருக்கு முன்னால் யாரும் இல்லை, ஒரு பூந்தொட்டி கூட இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் காற்று நேராக முகத்தில் வந்து அடித்தது.

முன்வரிசைக் காரின் பழைய சொந்தக்காரரை அழைத்து மரியாதை செய்வது கழகத்தின் வழக்கம். பல் டாக்டர் வந்திருந்தார். கூடவே அவர் மனைவியும் வந்திருந்தார். தலைவர் மைக்கைப் பள்ளம் சாரின் கையில் கொடுத்து, “காயத்தோட கதையை உங்க வாயால சொல்லுங்க” என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் மனைவி காரின் பின்பக்கம் வந்துவிட்டார்.

“ஐயையோ! இதை இன்னுமா எடுக்காம வெச்சிருக்கீங்க? இது நான் போட்டதாச்சே! ரிவர்ஸ் எடுக்கும்போது எங்க கேட்டுத் தூண்ல இடிச்சுட்டேன். ஒரு வாரம் இவர் என்கூட முகம் குடுத்துப் பேசல.”

பல் டாக்டர் மேகத்தில் சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பவர் போல அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

பள்ளம் சாரின் மனைவிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “மன்னிச்சுக்குங்க. இது உங்களோடது இல்லை. உங்களோடதை எடுத்தாச்சு. இது நான் போட்டது. இன்னிக்குக் காலைல.”

“அதெப்படிங்க? என் ஒடுக்கு எனக்குத் தெரியாதா? இதோ, தாழ்ப்பாள் குத்தின இடம்!”

“எங்க வீட்டு கேட்டுலயும் தாழ்ப்பாள் இருக்குங்க.”

தலைவர் மீசையை விட்டுவிட்டார். “சார், நீங்க சொல்லுங்க. பாறைதானே?”

மைக் கையில் இருந்தது. பாறை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலைவருக்கும் அதுதான் வேண்டும், டாக்டருக்கும் அதுதான் வேண்டும். முன்வரிசை அவருடையது. பள்ளம் சார் மனைவியைப் பார்த்தார். அவள் இப்போது தெரிகிறதா என்று கேட்பது போல நின்றாள். நகப்பூச்சு அவள் விரலில் இன்னும் ஒட்டியிருந்தது.

“இது தயாரிப்புக் குறை இல்லைங்க” என்றார். அத்தனை வருஷப் பழக்கம், தானாக வந்துவிட்டது. “பாறையும் இல்லை. ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். ஒரே உயரத் தாழ்ப்பாள், ஒரே மாதிரி திருப்பம். பின்னாடி நின்னு ‘வரலாம், வரலாம்’னு சொன்னது நான்தான்.”

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அடுத்த காருக்குப் போனார், தடவினார், ஒரு கண்ணை மூடினார். “இது மலையில உருண்ட காயம்னு பலகையில எழுதியிருக்கு. இல்லைங்க. கராஜ் கதவு. பாதி ஏறினப்பவே வண்டியை எடுத்திருக்காங்க.”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “அது நான்தாங்க!” என்றது.

“அடுத்தது, கடைத் தள்ளுவண்டி.”

“ஆமா, நான்தான்! கைப்பிடி வழுக்கிடுச்சு!”

அவர் தலைவரின் காரை நெருங்கினார். “போதும் சார், சாப்பாடு ஆறிடும்” என்று தலைவர் குறுக்கே வந்தார். அதற்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைவரின் மனைவியே கையைத் தூக்கிவிட்டார். “தண்ணித் தொட்டிங்க. நான்தான் இடிச்சேன். இவர் ஊர் ஊரா அதை ஓநாய்னு சொல்லிக்கிட்டிருக்கார்.”

முன்வரிசையே கலைந்துபோனால் கழகம் என்னாவது? தலைவர் லேசுப்பட்டவரா? விதிப் புத்தகத்தை மனசுக்குள் ஒரு புரட்டுப் புரட்டித் தொண்டையைக் கனைத்தார். “காயம் பட்ட காருக்கு முன்வரிசைன்னுதான் விதி. எது குத்தினதுன்னு விதியில இல்லை. கார்கள் அப்படியே நிக்கட்டும். ஆனா காயத்துக்குச் சம்பந்தப்பட்டவங்கதான் முறைப்படி பக்கத்துல நிக்கணும்.”

பெண்கள் எழுந்து வந்தார்கள். புடவையைச் சரிசெய்துகொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு, ஆளுக்கொரு காரின் பக்கத்தில் நின்றார்கள். ஆரஞ்சுக் காரின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்றார்கள், உரிமைத் தகராறு தீரவில்லை. கணவன்மார்கள் சத்தமில்லாமல் பின்னால் போனார்கள்.

பள்ளம் சாரும் போனார். தலைவரின் தோளுக்கும் பல் டாக்டரின் வழுக்கைக்கும் நடுவில் அவருடைய நெற்றிக்கு இடம் கிடைத்தது. பழகிய இடம்தான்.

“எல்லாரும் ரெடியா? அசையாதீங்க!” என்றார் போட்டோக்காரர்.

முன்னால் நின்ற மனைவி திரும்பிப் பார்த்தாள். “என்னங்க, அங்க போய் என்ன பண்றீங்க? வழி சொன்னது நீங்கதானே? பாதி ஒடுக்கு உங்களோடது. வாங்க இங்க!”

பள்ளம் சார் யோசிக்கவே இல்லை. டாக்டரை இடித்துத் தள்ளிக்கொண்டு, சேற்று டப்பாவைத் தட்டிவிட்டு, முன்வரிசையை நோக்கி எடுத்தார் ஓட்டம். கேமரா அதே நொடியில் கிளிக் என்றது.

அடுத்த வருஷக் காலண்டரின் அட்டையிலேயே அந்தப் படம் வந்தது. கார்களும் மனிதர்களும் துல்லியமாக இருக்கிறார்கள். முதல் வரிசைக்கும் இரண்டாவது வரிசைக்கும் நடுவில், கால் தரையில் படாமல், முகமே தெரியாமல் கலங்கலாக ஒருவர். தலைவருக்கு மட்டும் ஆனந்தம் தாங்கவில்லை. “பாத்தீங்களா, நம்ம காலண்டர்ல வேகம் வந்துடுச்சு!” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார். அவர் சொன்னதும் நியாயம்தான். அத்தனை ரேலி கார் நின்ற அந்த மைதானத்தில் ஓடியது அந்த ஒருவர்தான்.